மலேரியாவுக்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்? (கையில் மெஷினோடு ஒரு வீடியோ)

வணக்கம் மக்களே! முன்கதை எதுவும் கிடையாது, நேரா விஷயத்துக்கு வருகிறேன். ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தேன். 2019இல் வந்தது, என் கண்ணில் பட்டது இப்போதுதான். கென்யாவின் கடலோரத்தில் கிலிஃபி என்று ஓர் இடம். அங்கே கெம்ரி–வெல்கம் டிரஸ்ட் ஆய்வு மையத்தில் இருந்த அந்தோனி எட்யாங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் கேட்ட கேள்வி இது: மலேரியா திரும்பத் திரும்ப வந்து போனவர்களுக்குப் பிற்பாடு ரத்த அழுத்தம் ஏறுமா?

எனக்கு எது ஆகாது என்று பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "இதுவும் அதுவும் சேர்ந்து காணப்பட்டன" என்று முடிகிற ஆய்வுகள்! மலேரியா அடிக்கடி வருகிறவர் ஏழையாக இருப்பார், பிறக்கும்போதே எடை குறைந்திருப்பார். பிபி ஏறினால் பழியை எதன் மேல் போடுவது?

எட்யாங் குழு இதைச் சமாளித்த விதம்தான் என்னைத் துள்ள வைத்தது. ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் மாதிரி வளைய வைக்கும் அரிவாள் செல் மரபணு இருக்கிறதல்லவா? தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கடுமையான நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை, அதோடு கடும் மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு. இந்தப் பாதுகாப்பை 1954இல் காட்டியவர் அந்தோனி ஆலிசன், கென்யாவில் வளர்ந்தவர். இவரும் அந்தோனி, அவரும் அந்தோனி, இருவருக்கும் கென்யா! இதில் ஒரு அர்த்தமும் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மரபணு பிள்ளைக்கு வருமா வராதா என்பது காசு சுண்டுகிற மாதிரி. வீட்டில் பணம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஆக, ஒரே ஊரில் மரபணு உள்ளவர், இல்லாதவர் இருவரையும் ஒப்பிட்டால், மலேரியா குறைவாக வந்தவரையும் அதிகமாக வந்தவரையும் ஒப்பிட்ட மாதிரி. மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்கிறார்கள்.

இருங்க, இருங்க... மெஷின் ஊதுகிறது. கையை அசைக்கக் கூடாது.

...ம், முடிந்தது. சொல்லவே இல்லையே, 24 மணி நேர பிபி மெஷின் கட்டியிருக்கிறேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தாறுமாறாக ஏறும், வீட்டில் ஒழுங்காக இருக்கும். அதனால் இதைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். பட்டை இறுக்குகிறது, சட்டைக் கைக்குள் நுழைய மாட்டேன் என்கிறது, தூக்கத்திலும் எழுப்பிவிடுகிறது. சரியாகக் குடிக்கப் போகும்போதுதான் ஊதும்! எனக்கு இதைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் கிலிஃபியிலும் இதே மாதிரி 24 மணி நேர அளவுதான் எடுத்தார்கள் என்று படித்ததும் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை அளந்த பிபியை நான் நம்ப மாட்டேன்.

சரி, முடிவு. மரபணு இருந்தவர்களுக்கு பிபி குறைவாக இருந்தது. மேல் அளவில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பாதரசம். "இவ்வளவுதானா?" என்று கமெண்ட் போடாதீர்கள். ஒருவருக்கு அது ஒன்றுமில்லை, ஒரு நாட்டுக்கே அப்படி நகர்ந்தால் பக்கவாதக் கணக்கு மாறும்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேனே! நைரோபி! 1,700 மீட்டருக்கு மேல் உயரம், மலேரியா பரவல் மிகக் குறைவு. அங்கேயும் அளந்தார்கள், மரபணு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் காணவில்லை. மரபணுவே நேராக பிபியைக் குறைத்திருந்தால் நைரோபியிலும் குறைந்திருக்க வேண்டுமே? இனி யாராவது "பிபியைக் குறைக்கும் ஜீன்" என்று தலைப்பு வைத்தால் நைரோபி என்று ஒரே வார்த்தையில் பதில் போடுங்கள்.

இதற்கு நேர் எதிரான கருத்தும் உண்டு. பிபியை ஏற்றுகிற ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் சம்பந்தப்பட்ட மரபணு வகைகள் மூளை மலேரியாவிலிருந்து காப்பாற்றியிருக்கலாம், அதனால்தான் அவை நிலைத்தன என்பது. 2010இல் இந்தியாவிலிருந்தும் அப்படி ஓர் ஆய்வு வந்தது. கதை ரொம்ப அழகு. அதனாலேயே எனக்குச் சந்தேகம். நைரோபி மாதிரி ஒரு ஒப்பீட்டை அதற்கும் காட்டட்டும், பிறகு பேசலாம்.

எனக்கு வேண்டியது வேறு. 2019இல் கானா, கென்யா, மலாவியில் குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முப்பது வயதாகும்போது பிபி குறைவாக இருக்குமா? 2049 வரை காத்திருக்கச் சொல்கிறார்களா? பத்து வயதிலேயே யாராவது பட்டையைக் கட்டிப் பார்க்கக் கூடாதா!