மன்னரிடம் கேட்காத பூசலார்

நேயர்களுக்கு வணக்கம். மெய்யான வழிபாடு, மனநிறைவு இரண்டைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பேசத்தான் குறிப்பெடுத்து வந்தேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் என் பேச்சு பூசலார் நாயனாரிடம் போய் நின்றுவிடும். சரி, அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். திருநின்றவூர்க்காரர். சிவனுக்கு ஒரு கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே கட்டினார். அதே சமயம் காஞ்சியில் பல்லவ மன்னர் பெரிய கற்கோயில் ஒன்றைக் கட்டி முடிக்கிறார். குடமுழுக்குக்கு முந்தைய இரவு இறைவன் கனவில் வந்து, நாளை நான் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறொரு நாள் வைத்துக்கொள் என்கிறார். மன்னர் தேடிக்கொண்டு போனால் அந்த ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை.

பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்து, "மனசு போதும், கல் எதற்கு?" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இறைவன் மன்னரின் கோயிலை வேண்டாம் என்று சொல்லவில்லையே! நாளைத்தான் தள்ளி வைக்கச் சொன்னார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பெரியபுராணத்தில் பாடியிருப்பதைப் பொறுமையாகப் படித்தால் நாம் தாண்டிப் போகிற இடங்கள் தெரியும்.

முதலில், பூசலார் எடுத்த எடுப்பில் மனக்கோயிலுக்குப் போகவில்லை. பொருள் தேடி அலைந்தார். எங்கும் கிடைக்கவில்லை, வருந்தினார். அப்புறம்தான் மனத்தில் கட்டத் துணிந்தார். முயற்சி செய்யாமலே "இருப்பது போதும்" என்று உட்கார்ந்தவர் இல்லை.

அடுத்து, மனத்தில் கட்டுவதற்குச் செலவு ஏது? நானாக இருந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் பொன்னாலேயே கோபுரம் எழுப்பியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. வேண்டிய பொருள்களை மனத்திலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தச்சர்களைத் தேடினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார். இரவிலும் கண்ணயரவில்லை என்கிறார் சேக்கிழார். விமானம் எழுந்தது, சிகரம் வைத்தார், சுதை பூசினார், கிணறு எடுத்தார், மதில் கட்டினார், குளம் தோண்டினார். யோசித்துப் பாருங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை. குளம் விட்டுப் போனால் ஏன் என்று கேட்க ஆளில்லை. பாராட்ட ஆளில்லை, கணக்குக் கேட்க ஆளில்லை, ஆனாலும் ஒன்றையும் அவர் விடவில்லை. என்னைக் கேட்டால் வழிபாடு அங்கேயே நடந்துவிட்டது. குடமுழுக்கு நாள் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு இப்போது வருகிறேன். மன்னர் வந்து எதிரில் நிற்கிறார். ஒரு காலத்தில் பொருளுக்காக அலைந்த மனிதர். இப்போது நாட்டையே ஆள்பவர் தேடிவந்து, உங்கள் கோயில் எங்கே என்று கேட்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்லும் ஆளும் வந்து இறங்கியிருக்கும். பூசலார் கேட்கவில்லை. பொருள் கிடைக்கவில்லை, அதனால் நினைந்து நினைந்து இப்படிச் செய்தேன் என்று நடந்ததை மட்டும் சொல்கிறார். மன்னர் விழுந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போகிறார். இவர் குறித்த வேளையில் இறைவனை உள்ளே எழுந்தருளச் செய்து, கடைசிவரை பூசையைத் தொடர்கிறார். ஏன் கேட்கவில்லை? ஆசையை அடக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேலை முடிந்துவிட்டது. கோயில் கட்டியாயிற்று, இன்னொன்று எதற்கு?

இதை மறுபடியும் சொல்கிறேன், அவர் கேட்கவே இல்லை. பிற்காலத்தில் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்ற பெயரில் கல்லிலேயே கோயில் எழுந்தது வேறு விஷயம்.

நம் வழிபாட்டுக்கு வருவோம். வேண்டுதல் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். துன்பத்தில் இருப்பவர் கடவுளிடம் முறையிடாமல் வேறு யாரிடம் முறையிடுவார்? ஆனால் கேட்டது கிடைத்ததும் கும்பிடுவது குறைகிறதா, கூடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். குறைந்தால் அதற்குப் பெயர் கொடுக்கல் வாங்கல். அடியார்களைப் பற்றிச் சேக்கிழார் இன்னோரிடத்தில் 'கூடும் அன்பினில் கும்பிடலே அன்றி வீடும் வேண்டா' என்கிறார். கும்பிடுவதே போதும், மோட்சம்கூட வேண்டாமாம்! நம் பட்டியலில் மோட்சத்துக்கு முன்னால் எத்தனை இருக்கின்றன?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மனநிறைவைப் பற்றிப் பேசிய கிறித்தவத் திருத்தூதர் பவுலைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். பிலிப்பி நகர மக்களுக்கு அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், எந்த நிலையிலும் மனநிறைவோடிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். கூடவே பிறந்த குணம் இல்லை, கற்றுக்கொண்டதாம். அதே கடிதத்தில், அவர்கள் அனுப்பிய உதவிக்கு நன்றியும் சொல்கிறார். எனக்கு எதுவும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லை. பைபிளில் வருகிற, காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.