வயலுக்கு நடுவே ஒரு நாட்டு எல்லை

[திரையில்: வாஞ்சூர் சோதனைச்சாவடி, காலை நேரம். காரைக்காலிலிருந்து நாகூர் போகும் பஸ் நிற்கிறது.]

காவலர் ஒருவர் பஸ்ஸில் ஏறுகிறார். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். ஒரு கட்டைப்பையைத் தூக்கி லேசாக அசைத்து, பாட்டில் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்கிறார். வரவில்லை. இறங்கிவிடுகிறார், பஸ் கிளம்புகிறது. டெல்டாக்காரர்களான நமக்கு இது பழகிப்போன காட்சி. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் சாராய வரி வேறு, தமிழ்நாட்டில் வேறு, அதனால்தான் இந்தச் சோதனை.

ஆனால் 1954 வரை இங்கே முட்டிக்கொண்டு நின்றவை இரண்டு நாடுகள். இந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா, அந்தப் பக்கம் பிரான்ஸ். நடுவே மலையோ பாலைவனமோ கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே களிமண், ஒரே சம்பா நாற்று. கொள்வினை கொடுப்பினையும் எல்லை தாண்டித்தான் நடந்தது. இப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒரு அரசு தன்னை எப்படி நிலைநிறுத்திக்கொள்கிறது? இந்த வீடியோ அதைப் பற்றியதுதான்.

[திரையில்: சோழமண்டலக் கடற்கரையின் வரைபடம்]

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். தரங்கம்பாடி 1620 முதல் டென்மார்க்காரர்களிடம் இருந்தது. நாகப்பட்டினத்தை 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் காரைக்கால், 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. தஞ்சை அரியணையை இழந்த சாகுஜி, உதவி செய்தால் காரைக்காலைத் தருகிறேன் என்று புதுச்சேரி கவர்னர் துய்மாவிடம் சொன்னார். அரியணை திரும்பக் கிடைத்ததும் இழுத்தடித்தார். கடைசியில் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் படைகள் வந்துதான் அது பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது. அப்புறம் சுற்றியிருந்த கிராமங்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் நின்றது சுமார் 160 சதுர கிலோமீட்டர்.

அந்தப் போர்களை விட்டுவிடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது 1814-க்குப் பிறகு நடந்தவை. அந்த வருடத்துப் பாரிஸ் ஒப்பந்தப்படி காரைக்கால் பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: கோட்டை கட்டக் கூடாது, ஊர்க்காவலுக்குத் தேவையானதற்கு மேல் சிப்பாய் வைக்கக் கூடாது. அதாவது படையில்லாமல் ஒரு நாடு தன் எல்லையைக் காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது?

முதலில் உப்பு. இந்தக் கடற்கரை முழுக்க உப்பளம். பிரிட்டிஷாருக்கு உப்பு என்றால் வருமானம். காரைக்கால் உப்பு வயல்வழியே தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டால் அவர்களுடைய ஏகபோகம் உடைந்துவிடும். 1815-ல் ஒரு உடன்படிக்கை போட்டார்கள். பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பு பிரிட்டிஷாருக்குத்தான், ஈடாக பிரான்சுக்கு வருடத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் (அந்தக் கால வெள்ளி நாணயம்). 1818-ல் இன்னொரு படி மேலே போனார்கள். உப்பு உற்பத்தியையே நிறுத்தச் சொல்லி, உப்பளக்காரர்களுக்கு நஷ்டஈடாக வருடத்துக்கு 4,000 வராகன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடல் காலடியில் இருக்கிறது, பாத்தி கட்டத் தெரிந்த கை இருக்கிறது, ஆனால் சமையலுக்கு உப்பை அரசாங்கம் விற்கும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். லண்டனில் போட்ட கையெழுத்து ஒரு வீட்டு ரசம் வரைக்கும் வந்துவிட்டது. ராஜாஜி 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்து வந்து அள்ளிய உப்பைப் பற்றிப் பேசும்போது, காரைக்காலில் மூடிக்கிடந்த இந்தப் பாத்திகளையும் நாம் நினைக்க வேண்டும்.

[திரையில்: பழைய பிரெஞ்சு மொழிப் பத்திரம். கீழே தமிழில் ஒரு கையெழுத்து.]

இரண்டாவது, காகிதம். பிறப்பு, கல்யாணம், சாவு, நிலம் எல்லாம் பிரெஞ்சில் பதிவாயின. மேலே முழுக்கத் தெரியாத மொழி, கீழே தமிழில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போட்டவருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்லியிருக்க வேண்டும். அரசு ஒருவருடைய வீட்டுக்குள் நுழைவது இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். 1880-ல் பிரெஞ்சுப் பகுதிகளைக் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பிரிவுகளாகப் பிரித்து நகராட்சிகள் அமைத்தார்கள். இன்றைக்கும் திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரியில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பலகையைப் பார்க்கலாம். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் போட்ட நிர்வாகக் கோடு இன்னும் இருக்கிறது.

மூன்றாவது, ஆட்கள். அடிமை முறையை பிரான்ஸ் 1848-ல் ஒழித்தது. அதன் பிறகு ரீயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். காரைக்கால் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்களில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைகளும் உண்டு. எல்லை தாண்டுவதற்கு அவர்களுக்கு ஒரு வரப்பைத் தாண்டினால் போதும். 1861-ல் இரண்டு அரசுகளும் கூடி இந்த ஆள் எடுப்புக்கு விதிகள் எழுதின. தங்கள் குடிகள் போவதைக் கவனிக்க பிரிட்டிஷ் முகவர் ஒருவர் பிரெஞ்சுத் துறைமுகத்திலேயே இருப்பார் என்று ஏற்பாடு. யார் யாருடைய குடிமகன் என்ற கேள்வி இங்கே கூர்மையானது இப்படித்தான். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று அந்தத் தீவுகளில் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

சரி, 1947-க்கு வருவோம். சுதந்திர இந்தியா எல்லையை உடனே அழித்துவிடவில்லை. இன்னும் இறுக்கியது. 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் செய்துகொண்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிவுக்கு வந்தது. சாமான் கொண்டுபோனால் தீர்வை, பையைத் திறந்து காட்டு என்று கெடுபிடி. பிறகு 1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரி பக்கம் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இடைப்பட்ட எட்டு வருடம் காரைக்கால் காகிதத்தில் பிரான்சாகவும் நடப்பில் இந்தியாவாகவும் இருந்தது. பிறகு விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது அப்போதுதான்.

[திரையில்: அரசலாறு. மதகில் லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) ஷட்டரைத் தூக்குகிறார்.]

இத்தனையிலும் எந்த அரசும் தன் பக்கம் மட்டும் வைத்துக்கொள்ள முடியாத ஒன்று இருந்தது, காவிரித் தண்ணீர். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, நண்டலாறு என்று கிளை பிரிந்து, தஞ்சாவூர் மதகுகளைத் தாண்டித்தான் காரைக்காலுக்கு வந்தாக வேண்டும். காரைக்கால் கடைமடை. மேலே இருப்பவர் மதகைத் திறந்தால்தான் கீழே நாற்று பிழைக்கும், கொடி எதுவாக இருந்தாலும். அதனால் காவிரி வழக்கில் இந்தச் சின்ன ஊருக்கும் தனிக் கணக்கு. காவிரி நடுவர் மன்றத்தின் 1991 இடைக்கால உத்தரவில் 6 டி.எம்.சி., 2007 இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018-லும் அந்த 7-ஐ மாற்றவில்லை.

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, தண்ணீர் இங்கே வந்து சேரப் பல நாள் ஆகும். வந்த அன்று வாய்க்கால் கரையில் நின்று பாருங்கள். நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வரும். இந்தக் கரையில் நிற்பவரும் அந்தக் கரையில் நிற்பவரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலே எவ்வளவு திறந்திருக்கிறான் என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.