கை காட்டினால் நிற்கும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

36 வருஷம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். அலாஸ்கா போய்வந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, "கப்பலைப் பற்றியா, ரயிலைப் பற்றியா?" என்றேன். "இரண்டையும்" என்றார்கள். கப்பலில் ஏழு நாள் சாப்பிட்ட கதையைச் சொல்லப்போவதில்லை. அது நீங்கள் நினைப்பது மாதிரியேதான்.

நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி என்று ஆறு பேர். அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலம், ஆனால் எங்கள் கப்பல் கிளம்பியது கனடாவின் வான்கூவரிலிருந்து. காரணம் 1886-ல் போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் நேராக இறக்கிவிடக் கூடாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா என்று எங்கெங்கோ பதிவானவை. ஆகவே கனடாவில் ஏறு, அலாஸ்காவில் இறங்கு. இதனால் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். எங்கள் டிக்கெட் ஏஜென்ட் ஒன்றைத்தான் சொன்னார். இன்னொன்றை என் மகள் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து அலைந்தது தனிக் கதை. போக நினைப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கெட்சிகன் என்ற முதல் ஊரில் மழை. வருஷத்துக்கு 150 அங்குலம் கொட்டுகிற ஊர், நமக்காக நிறுத்துமா? காதை மூடி ஒரு வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினேன். "கோட்டு, சூட்டு, மேலே துண்டா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் துண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

அடுத்தது ஜூனோ. மாநிலத் தலைநகர்தான், ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. கப்பல், இல்லாவிட்டால் விமானம். ஊருக்குப் பக்கத்தில் மெண்டன்ஹால் பனியாறு. 1962-ல் அதைப் பார்ப்பதற்கென்று ஒரு கட்டடம் கட்டினார்கள். அப்போது பனி ஜன்னலுக்கு எதிரே இருந்தது. இன்று நடுவில் ஒரு ஏரி, அதற்கும் அப்பால் பனி.

மூன்றாவது ஸ்காக்வே. அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. வொயிட் பாஸ் ரயில், மூன்றடி அகலக் குறுகிய பாதை. கனடாவின் குளோண்டைக்கில் தங்கம் கிடைக்கிறது என்று ஜனங்கள் பித்துப்பிடித்து ஓடிய காலத்தில், 1898-ல் போட ஆரம்பித்து 1900-ல் முடித்தார்கள். அதற்கு முன்னால் மலையேறியவன், ஒரு வருஷத்துக்கான உணவையும் சாமானையும், கிட்டத்தட்ட ஒரு டன், எல்லையில் காட்டினால்தான் கனடா போலீஸ் உள்ளே விடும். அந்தச் சுமையைத் தூக்கிச் செத்த குதிரைகள் மட்டும் சுமார் மூவாயிரம். பாதைக்கே செத்த குதிரைத் தடம் என்று பெயர். ரயில் முடிந்தபோது தங்கப் பித்தும் முடிந்துவிட்டது!

குன்னூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஏற்றம் என்றால் ஒரு அலட்சியம் உண்டு. நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையும் 1899-ல் திறந்ததுதான். நம்முடையது 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், நடுவில் பல்சக்கரத் தண்டவாளம். அங்கே ஏறக்குறைய 26 அடிக்கு ஓர் அடி, ஆனால் பல் கிடையாது. சக்கரம் வெறும் இரும்பைப் பற்றிக்கொண்டே 20 மைலில் 2,800 அடிக்கு மேல் ஏறுகிறது. உச்சியில் என்ஜினைக் கழற்றி மறு முனைக்குக் கொண்டுவந்தார்கள். பயணிகள் எழுந்து இருக்கையின் முதுகைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பேத்தி அதை நாலு தடவை திருப்பினாள்.

அப்புறம் கிளேசியர் பே. இந்த விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பலுக்குமேல் விடுவதில்லை. காலையில் ஒரு சிறு படகு கப்பலோடு ஒட்டி வந்தது. தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் பக்கவாட்டில் தொங்கிய கயிற்றேணியைப் பிடித்து ஏறி, ஒலிபெருக்கியில் பேச ஆரம்பித்தார்கள். 1794-ல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் மாலுமிகள் வந்தபோது இங்கே விரிகுடாவே இல்லை. வாசலில் ஒரு சிறு வளைவு, அதற்குப் பின்னால் பனிச்சுவர். இன்று அந்த இடத்திலிருந்து சுமார் 60 மைல் உள்ளே கப்பல் போகிறது. அந்த மண்ணுக்குரிய ஹூனா டிலிங்கிட் மக்களின் கதை அதற்கும் முந்தியது. அவர்கள் குடியிருந்த சமவெளியின் மேல், நாய் ஓடுகிற வேகத்தில் பனி வந்து ஊரை விழுங்கியது என்று சொல்கிறார்கள். ஊரை விட்டு ஓடியவர்கள் பனி விலகிய பிறகு பார்த்தால், நிலம் இல்லை, கடல் இருந்தது.

இங்கே பனி பின்வாங்க ஆரம்பித்தது இருநூறு வருஷத்துக்கும் முன்னால். அதை அப்படியே நம் புகைபோக்கிகளின் தலையில் கட்ட முடியாது. மெண்டன்ஹாலை அப்படி விட்டுவிடவும் முடியாது. இத்தனை எண்ணெயை எரித்துக்கொண்டு பனியைப் பார்க்கப் போனவன் இதற்குமேல் பேசினால் நன்றாக இருக்காது.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை ஒரு மைல் நீளத்துக்கு இடைவெளி விடாமல் நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும், அந்த உயரம். நிறம் வெள்ளை இல்லை, நீலம். காற்றுக் குமிழெல்லாம் நசுங்கி இறுகிய பனி, வெளிச்சத்தின் சிவப்பை விழுங்கி நீலத்தை வெளியே விடுகிறதாம். கீழ்த்தளத்தில் தண்ணீருக்குப் பக்கமாக நின்றால் மிதக்கும் பனித்துண்டுகள் படபடவென்று வெடிப்பது கேட்கிறது. உள்ளே அடைபட்ட பழைய காற்று வெளியேறும் சத்தம். "அம்மா கடுகு தாளிக்கிறா" என்றான் பேரன். திடீரென்று ஒரு பக்கம் சரிந்தது. சத்தமே இல்லை. ஒரு மூச்சு விட்ட பிறகுதான் இடி வந்து சேர்ந்தது. டிலிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்பார்களாம். கப்பல் நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டு பக்கத்து அறைக்காரர்களும் பார்க்கட்டும் என்று. ஒரு மணி நேரம். யாரும் சாப்பிடப் போகவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கப்பல் எங்களை விட்டியரில் இறக்கியது. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே 14 மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் ஊர் அது. வெளியே போக மலையைக் குடைந்த இரண்டரை மைல் சுரங்கம் ஒன்றுதான் தரைவழி. இரண்டாம் உலகப் போரில் ரயிலுக்காக வெட்டியது. 2000 முதல் அதே தண்டவாளத்தின் மேலேயே காரும் போகிறது. ஒரே தடம்! ஒரு வாட்டி இந்தப் பக்கத்துக் கார், ஒரு வாட்டி அந்தப் பக்கத்துக் கார், இடையில் ரயில். ஒற்றைப் பாதையில், எதிரே இன்னொரு வண்டி வராதபடி, டோக்கன் கொடுத்து வண்டி அனுப்பியே தலை நரைத்தவன் நான். அந்தச் சுரங்க வாசலில் வரிசை கட்டி நின்ற கார்களைப் பார்த்ததும், அதன் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் போட்டேன்.

20,310 அடி டெனாலி சிகரத்தைப் பார்க்க வருபவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அது முகம் காட்டுமாம். எங்களுக்கு மேகம்தான் காட்டியது. டெனாலி தேசியப் பூங்காவில் ஒரு தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் அந்தக் கடனைத் தீர்த்தன.

கடைசியாக, டல்கீட்னாவிலிருந்து ஹரிக்கேன் என்ற இடம்வரை போய்த் திரும்பும் சின்ன வண்டி. ஐம்பது மைலுக்கு மேல், ஆற்றோரமாக, பெரும்பகுதிக்குச் சாலையே கிடையாது. காட்டுக்குள் மரவீடு கட்டி இருப்பவர்கள் தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்று, ஒரு வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் ஆட்டினால் டிரைவர் விசில் கொடுத்து நிறுத்துகிறார். கைகாட்டி மரம் இல்லை, கையே கைகாட்டி. எங்கள் விதிப்புத்தகத்திலும், சிவப்புக் கொடி இல்லாவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் வண்டி நிற்க வேண்டும் என்று உண்டு. ஆனால் அது ஆபத்துக்கு. இங்கே ஒருத்தர் கேஸ் சிலிண்டர், உருளைக்கிழங்கு மூட்டை, நாய் சகிதம் இறங்கினார். பிளாட்பாரம் இல்லை. கண்டக்டர் மூட்டைக்குக் கை கொடுத்தார். என்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு நிமிஷம். "உங்க காலத்துல இப்படி நிறுத்தியிருந்தா?" என்றாள் மனைவி. "சார்ஜ் ஷீட் வந்திருக்கும்."

கறி என்ற இடத்தில் ஒரு காலத்தில் ரயில்வே ஹோட்டல் இருந்ததாம். ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் போக இரண்டு நாள் ஆன காலத்தில் எல்லோரும் அங்கே இரவு தங்குவார்களாம். 1957-ல் எரிந்துபோனது. புல்தான் இருக்கிறது. ஸ்டேஷன் என்று கையைக் காட்டினார்கள், நான் தொப்பியைக் கழற்றினேன்.

ஹரிக்கேன் பள்ளத்தாக்கின் மேல், 296 அடி உயரப் பாலத்தின் நடுவில், நாங்கள் குனிந்து பார்ப்பதற்காகவே வண்டியை நிறுத்தினார்கள். திரும்பி வரும்போது ஆற்றங்கரை வீட்டு வாசலில் இரண்டு பிள்ளைகள் கையாட்டினார்கள். பேரனுக்குக் குஷி. என் தோளிலிருந்த துண்டை உருவி, ஜன்னலுக்கு வெளியே தலைக்கு மேல் சுழற்ற ஆரம்பித்துவிட்டான். கண்டக்டர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். "தம்பி, அதை மட்டும் உள்ளே வை. டிரைவர் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவார்."

துண்டை வாங்கி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். வணக்கம்.