உலர் உணவுப் பொதி வாங்கினா முகத்தையும் குடுக்கணுமா? | 1933ல வந்த ஒரு கடிதம்

(திரை கறுப்பு. குரல் மட்டும்.)

"ஞாபகம் வச்சிக்கங்க. விசேட இலவச சிகிச்சைக்கு இதுதான் உங்களுக்குக் கடைசிச் சந்தர்ப்பம்."

1933ல அமெரிக்காவில, அலபாமா மாநிலத்தில, கறுப்பின ஏழை விவசாயிகளுக்கு அரசாங்க சுகாதார சேவை அனுப்பின கடிதத்தில இருந்த வரி இது. முழுக்கப் பெரிய எழுத்தில போட்டிருந்தாங்க. அதை நம்பி வந்தவங்கட முள்ளந்தண்டில ஊசி குத்தி நீர் எடுத்தாங்க. சிகிச்சை எண்டு சொல்லி ஆராய்ச்சிக்கு எடுத்தது அது.

அந்தக் கடிதத்துக்கும், ஏழைகளுக்குச் சாமான் குடுக்கிறதைப் படம் எடுத்துப் போடுற, நம்மட ஃபோன்ல காலையில இருந்து ராவு வரைக்கும் ஓடுற உதவி வீடியோக்களுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. கடைசி வரைக்கும் பாருங்க. கோபம் வந்தாலும் பரவாயில்ல, கொமெண்ட்ல வந்து கதைங்க, ஆனா பாதியில போகாதீங்க.

(அறிமுக இசை. கல்லடிப் பாலம், வாவி.)

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில இருந்து கதைக்கிறன்.

முதல்ல அந்த அலபாமாக் கதையை முழுசாச் சொல்லிர்றன், ஏனெண்டா இதில ஒவ்வொரு துண்டும் முக்கியம். டஸ்கீகி எண்டு ஒரு ஊர். 1932ல அங்க ஒரு ஆராய்ச்சி தொடங்குது. ஏறத்தாழ 600 ஆம்பிளைகள், அதில 399 பேருக்கு சிபிலிஸ் எண்ட பாலியல் நோய். அவங்களுக்கு நோயிட பேரைச் சொல்லல்ல. "உங்களுக்குக் கெட்ட ரத்தம், நாங்க வைத்தியம் பாக்கிறம்" எண்டுதான் சொன்னாங்க. உண்மையில, மருந்து குடுக்காம விட்டா இந்த நோய் ஆளை எப்பிடித் தின்னுது எண்டு பாக்கிறதுதான் ஆராய்ச்சி. 1947 அளவில பெனிசிலின் இந்த நோய்க்கு வழமையான மருந்தாயிட்டு. அப்பவும் குடுக்கல்ல. 1972ல பத்திரிகையில வெளிவந்த பிறகுதான் நிப்பாட்டினாங்க. நாப்பது வருசம்!

சரி, அந்த ஆக்கள் ஏன் இவ்வளவு காலம் வந்து போனாங்க? எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த இடம் இதுதான். ஒருத்தரையும் கட்டி இழுத்துக்கொண்டு வரல்ல. பரிசோதனை நாளில சுடச்சுட சாப்பாடு குடுத்தாங்க. வாகனத்தில ஏத்திக்கொண்டு போய் இறக்கி விட்டாங்க. செத்தா அடக்கச் செலவுக்குக் காசு தாறம் எண்டாங்க, அதுக்குப் பதிலா உடம்பை வெட்டிப் பாக்க விடணும். சொந்தமாக் காணி இல்லாம, அடுத்தவன்ட நிலத்தில பருத்தி போடுற மனுசனுக்கு, தன்னை ஒழுங்கா அடக்கம் செய்ய ஆள் இருக்கு எண்டது எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலைத்தான் விலையா வச்சாங்க. அப்ப அந்த ஆக்கள் "ஓம்" எண்டது உண்மை. ஆனா "இல்ல" எண்டு சொல்லக்கூடிய நிலைமையில அவங்க இருந்தாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அமெரிக்காவில ஒரு ஆணைக்குழு இருந்து, 1979ல பெல்மொண்ட் அறிக்கை எண்டு ஒண்டை வெளியிட்டிச்சி. மனிசரை வச்சிச் செய்யிற ஆராய்ச்சிக்கு அடிப்படை நூல் மாதிரி இண்டைக்கும் அதைத்தான் காட்டுவாங்க. அதில ஒரு இடம் இருக்கு. என்ட சொல்லில சொல்லுறன்: சாதாரண ஆளுக்குக் குடுத்தா வெறும் அன்பளிப்பா இருக்கிற ஒரு சாமான், நெருக்கடியில இருக்கிற ஆளுக்கு முன்னால நீட்டினா அழுத்தமா மாறிரும். அந்த நேரத்தில வாங்குற சம்மதம் சம்மதமில்ல.

(சிறிய இடைவெளி.)

இப்ப நம்மட மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரைக்கு வாங்க.

மாரியில கிரான் பக்கம் ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாயும், தோணியில ஆக்களை ஏத்தி இறக்குவாங்க. அந்த நேரத்தில உதவி வீடியோ கூடும். மற்றக் காலத்திலயும் குறைவில்ல. நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. "லண்டன்ல வசிக்கிற அண்ணாவிட பிறந்தநாளை முன்னிட்டு" எண்டு ஒரு பதாகை. அதுக்கு முன்னால ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைகள். தரையில அரிசி, பருப்பு, சீனி, மா, ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். கேள்வி தொடங்கும். "அம்மா, உங்கட கணவர் எங்க?" "விட்டுட்டுப் போய் எத்தின வருசம்?" "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

நான் பாத்த ஒரு வீடியோவை மட்டும் சொல்லுறன். சனலும் வேணாம், ஊரும் வேணாம். ஒரு பொம்பிளைப் பிள்ளை, ஏழாம் எட்டாம் வகுப்புப் படிக்கிற வயசு. புதுப் புத்தகப் பை குடுக்கிறாங்க. பையில கடையிட விலைத் துண்டு இன்னும் தொங்குது. பிள்ளை வாங்கி நெஞ்சோட அணைச்சிக்கொண்டு தலையைக் குனிஞ்சிட்டு. கெமராவுக்குப் பின்னால இருந்து ஒரு குரல்: "தங்கச்சி, திருப்பிக் குடுத்துட்டு இன்னொருக்கா வாங்கம்மா. கெமராவைப் பாத்து வாங்குங்க." பிள்ளை பையைத் திருப்பிக் குடுக்குது. மறுகா வாங்குது. இந்த முறை நிமிந்து பாக்குது. தாய் பக்கத்தில நிண்டு சாறித் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறா.

அந்த ரெண்டு தரமும் எடிட் பண்ணாம அப்பிடியே இருக்கு. ஒளிச்சு வைக்கிறதுக்கு அதில ஒண்டும் இருக்கிறதா அவங்களுக்குத் தோணவே இல்ல. எனக்கு ஆகலும் நொந்தது அதுதான். பையைக் குடுத்தவங்க கெட்டவங்க இல்ல. நல்லது செய்யிறம் எண்டுதான் மனசார நம்புறாங்க. டஸ்கீகியில அந்த ஆக்களை வாகனத்தில கூட்டிக்கொண்டு வந்த தாதியும் அவங்களோட வருசக்கணக்கா உறவு மாதிரிப் பழகினவதான். நல்ல மனசு இருக்கு எண்டதால செய்யிறது சரியாயிராது.

சண்டைக்கு வாறவங்க சொல்லுற மொத வசனம் எனக்குத் தெரியும்: "அவங்கட அனுமதியோடதான் எடுத்தம்." எப்ப கேட்டீங்க? அரிசி மூட்டையை வாசல்ல இறக்கி வச்சிட்டுத்தானே கேட்டீங்க? மூண்டு நாளா அடுப்பு எரியாத வீட்டில, "வீடியோ எடுக்கலாமா அம்மா?" எண்டு கேட்டா, அந்த அம்மா என்ன சொல்லுவா? "வேணாம்" எண்டா அரிசியை இறக்கி வச்சிட்டுப் போவீங்களா, திருப்பி ஏத்துவீங்களா எண்டு அவவுக்குத் தெரியாதே. அதை முதல்ல சொல்லிட்டுக் கேட்டுப் பாருங்க: "அம்மா, சாமான் உங்களுக்குத்தான், வீடியோ எடுத்தாலும் எடுக்காட்டியும் தருவம். இப்ப சொல்லுங்க, எடுக்கவா?" இப்பிடிக் கேட்டா எத்தின பேர் ஓம் எண்டுவாங்க?

ரெண்டாவது வசனம் கொஞ்சம் பாரமானது. "காட்டாட்டிக் காசு வராது." இது உண்மைதான், நான் மறுக்கல்ல. வீடியோ போட்டு வீடு கட்டிக் கிடைச்ச குடும்பம் இருக்கு, கிணறு கிடைச்ச ஊர் இருக்கு, சத்திரசிகிச்சைக்குக் காசு சேந்த பிள்ளை இருக்கு. அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குக் குடுக்கிற அஸ்வெசும உதவிப் பட்டியல்ல பேர் விடுபட்டுப் போன எத்தினையோ பேருக்கு இந்தச் சனல்கள்தான் போன மொத ஆள். அதனாலதான் இந்த வீடியோவை நான் செய்யிறன். வெறும் கூத்தெண்டா கதைக்கவே தேவையில்ல, விட்டுட்டுப் போயிரலாம். இது நல்ல வேலை, அதைச் சரியாச் செய்யணும் எண்டுதான் சொல்லுறன்.

ஒரு விசயம் யோசிச்சுப் பாருங்க. கிழக்குப் பல்கலைக்கழகத்தில ஒரு மருத்துவ மாணவி, சலரோகம் உள்ள ஆக்களிட்ட பத்துக் கேள்வி கேட்டு ஒரு ஆய்வு செய்யணும் எண்டா, முதல்ல நெறிமுறை மீளாய்வுக் குழுவிட்ட போகணும். கேள்விக்கொத்தைக் காட்டணும். தமிழ்ல விளக்கத் தாள் குடுக்கணும். "பங்குபற்றாட்டியும் உங்கட சிகிச்சையில ஒரு மாற்றமும் வராது" எண்டு எழுதிக் குடுக்கணும். பேர் வெளியில போகக்கூடாது. இவ்வளவும் பத்துக் கேள்விக்கு! அதே நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, ஃபோனோட வாற ஒருத்தர் அவரிட நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாத்தையும் முகத்தோட படம் எடுத்து உலகத்துக்கே போடலாம். ஒரு தாள் தேவையில்ல.

(திரையில்: கல்முனைக் கடற்கரை.)

இது யூடியூப் வந்த பிறகு தொடங்கின வருத்தம் இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி அண்டைக்கு, கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஒரு கைக்குழந்தையைக் கொண்டு வந்தாங்க. அண்டைக்கு 81ஆவது அனுமதி. அந்த இலக்கமே பிள்ளைக்குப் பேராயிட்டு. "ஒன்பது தாய்மார் உரிமை கோரும் குழந்தை" எண்டு உலகம் முழுக்கச் செய்தி ஓடிச்சி. தெரியுமா, முறைப்படி உரிமை கோரி வந்தது ஒரே ஒரு சோடிதான். சொந்தத் தாயும் தகப்பனும். ஒன்பது எண்ட கதை அவ்வளவு கவர்ச்சியா இருந்ததால ஒருத்தரும் விடல்ல. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளை போட்டு, 2005 பெப்ரவரியில முடிவு வந்து, பிள்ளையைப் பெத்தவங்களிட்டக் குடுத்தாங்க. அடுத்த மாசமே அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க.

விஞ்ஞானம் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி செய்ஞ்சிது, அதில எனக்குச் சந்தோசம். ஆனா அந்த இலக்கம் வளர்ந்த பிறகும் அவரை விட்டுப் போகல்ல. பேச்சு வராத வயசில படம் எடுத்தாங்க, பேர் வச்சாங்க, கதை கட்டினாங்க. நான் அவரிட பேரையும் சொல்லல்ல, படத்தையும் போடல்ல. நீங்களும் தேடிப் போட்டுராதீங்க, கெஞ்சிக் கேக்கிறன்.

2004ல எடுத்த படம் பத்திரிகையோட பழசாகும் எண்டாவது நம்பலாம். இப்ப? 2020ல அமெரிக்காவில கிளியர்வியூ எண்ட கம்பனியைப் பற்றிச் செய்தி வந்திச்சி. சமூக ஊடகங்களில இருந்தும் மற்ற இணையப் பக்கங்களில இருந்தும் 300 கோடிக்கு மேல படங்களை ஒருத்தரிட்டயும் கேக்காம இழுத்து, முகத்தை வச்சி ஆளைத் தேடுற மென்பொருள் செய்ஞ்சி பொலிசுக்கு வித்திருக்காங்க. இனி யோசிங்க. அந்தப் புத்தகப் பை வாங்கின பிள்ளை பத்து வருசத்தில பல்கலைக்கழகம் முடிச்சி வேலைக்குப் போகும். கலியாணம் பேசி வருவாங்க. முகத்தை வச்சித் தேடினா, "கணவன் கைவிட்ட தாயும் பசியில் வாடும் பிள்ளைகளும்" எண்ட தலைப்போட அந்த வீடியோ வரும்.

பேஸ்புக் கதை ஒண்டும் இருக்கு, சுருக்கமாச் சொல்லுறன். 2012 ஜனவரியில ஒரு கிழமை, 689,003 பேரிட நியூஸ் ஃபீட்ல நல்ல செய்தியையோ கெட்ட செய்தியையோ குறைச்சிக் காட்டி, அவங்கட மனநிலை மாறுதா எண்டு பாத்தாங்க. 2014ல ஆய்வுக் கட்டுரை வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். "பயனர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லித்தானே சேந்தீங்க" எண்டதுதான் பதில். தரவை ஆராய்ச்சிக்குப் பாவிப்பம் எண்ட சொல்லையே சோதனை முடிஞ்சி நாலு மாசத்துக்குப் பிறகுதான் கொள்கையில சேத்திருக்காங்க! பெரிய கம்பனி நம்மளிட்ட இப்பிடிச் சம்மதம் வாங்கினா நமக்குப் பத்திக்கொண்டு வருது. நம்மட ஊர் அம்மாவிட்ட நாமளே அதைத்தான் செய்யிறம். நம்மட நாட்டிலயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கு. சுதந்திரமாக் குடுக்கிறதுதான் சம்மதம் எண்டு அதிலயும் எழுதியிருக்கு.

அப்ப என்ன செய்யிற? சனல் வச்சிருக்கிற தம்பிமாருக்கு: முகத்தை மங்கலாக்குற வசதியை யூடியூப் 2012லயே குடுத்திட்டு, இலவசம். ஃபோன்ல எடிட் பண்ணுற செயலிகளிலயும் இருக்கு. குரல் போதும், கை போதும், வீட்டுக் கூரை போதும். பிள்ளைகளிட முகம் எந்தக் காரணத்துக்கும் வேணாம். இதில எனக்கு விட்டுக்குடுப்பு இல்ல.

வீடியோவில வந்தவங்க ஆராவது இதைப் பாத்துக்கொண்டிருந்தா: யூடியூப்ல தனியுரிமை முறைப்பாடு எண்டு ஒரு படிவம் இருக்கு. உங்கட முகமோ பேரோ தெளிவாத் தெரிஞ்சா நீங்களே போடலாம், பிள்ளைக்காகத் தாய் தகப்பன் போடலாம். வழமையா சனல்காரருக்கு 48 மணித்தியாலம் குடுப்பாங்க, அவர் எடுக்காட்டி யூடியூப் பாத்து முடிவு செய்யும். வெக்கப்படாதீங்க. சாமான் வாங்கினதால அந்த உரிமை போயிராது.

இப்ப நான் உண்மையிலே கதைக்க வந்த ஆக்கள். லண்டன், பாரிஸ், டொரொண்டோ, சூரிச்ல இருக்கிற நம்மட உறவுகள். இந்தக் கெமரா உங்களுக்காகத்தான் திரும்புது. காசு போய்ச் சேந்திச்சா எண்டு உங்களுக்குத் தெரியணும், நியாயம்தான், ஏமாத்தினவங்களும் இருக்காங்க. ஆனா அழுற முகம் எப்பிடி ஆதாரமாகும்? அழுற முகத்தைக் காட்டிட்டு அரிசியைத் திருப்பி ஏத்திக்கொண்டு போனா உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கடையிட முத்திரை குத்தின பில்லைக் கேளுங்க. கிராம சேவகரிட ஒப்பத்தோட பொருள் கிடைச்ச பட்டியலைக் கேளுங்க, அது உங்கட கையில மட்டும் இருக்கட்டும். பிள்ளையிட படிப்புக்கு எண்டா அதிபரிட கடிதத்தைக் கேளுங்க. வீடு கட்ட எண்டா அத்திவாரம், சுவர், கூரை எண்டு கட்டடத்திட படத்தை மாசா மாசம் கேளுங்க. அடுத்த முறை காசு போடக்குள்ள, "தம்பி, முகம் வேணாம், பில்ல மட்டும் அனுப்புங்க" எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ் சேத்து விடுங்க.