விளையாட்டு வீரரோடு பழக்கமாக முடியுமா? ஆனைமலைத் தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆனைமலையிலிருந்து ஒரு தம்பி, கல்லூரியில் படிக்கிறவர், எழுதியிருக்கிறார். "அண்ணா, போன வீடியோவில் உங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு செவன்ஸ் கால்பந்து பிளேயர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஃபார்வர்ட் ஒருவர் வருகிற சனிக்கிழமை பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஆட வருகிறார். எப்படிப் போய்ப் பேசுவது? ஒரு செல்ஃபியோடு நின்றுவிடாமல் பழக்கமாக முடியுமா? அவர்கள் நம்மை நண்பன் என்று நினைப்பார்களா, கடைசிவரை ரசிகன்தானா?"

முடியும் தம்பி. ஆனால் சனிக்கிழமை ஒரு ராத்திரியில் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குக் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம், எங்கள் பக்கம் எல்லோருக்கும் அப்படித்தான். பதினோரு சீசன் செவன்ஸ் டீம்களுக்கு டிராவலர் வண்டி ஓட்டினேன். சாயந்திரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு முண்டூர், மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை என்று போவேன். ஆட்டம் முடிந்து திரும்பி வர விடியற்காலை ஆகிவிடும். அந்தச் சாலையில்தான் இவர்களோடு எனக்குப் பழக்கம் உண்டானது.

செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து. நவம்பரில் தொடங்கி மே மாதம் வரை நடக்கும். அறுவடை முடிந்த வயல்தான் பல ஊர்களில் மைதானம். கமுகு மரமும் பலகையும் வைத்துக் கேலரி கட்டி, விளக்குப் போட்டு, ராத்திரியில் ஆடுவார்கள். டீம் பெயர்களைப் பார்த்தாலே தெரியும் யார் காசு போடுகிறார்கள் என்று: சூப்பர் ஸ்டுடியோ, லின்ஷா மெடிக்கல்ஸ், ராயல் டிராவல்ஸ். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கணக்கில் இந்த ஆட்டம் வராது. ஆடினால் அன்றைக்குக் காசு, ஆடாவிட்டால் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்லப்போவதற்கெல்லாம் இதுதான் காரணம்.

என் முதல் சீசனில் ஒரு தப்பு செய்தேன். மண்ணார்க்காட்டுப் பக்கம் ஒரு செமி ஃபைனல். டை பிரேக்கரில் கடைசிப் பெனால்டியை எங்கள் ஆள் வெளியே அடித்துவிட்டார். வண்டியை எடுத்துப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை, நான் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னேன், "சேட்டா, கீப்பர் வலது பக்கம் சாய்ந்தது தெரிந்ததே, இடது பக்கம் வைத்திருக்கலாமே" என்று. ஆறுதலாகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். வண்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முண்டூரில் டீ குடிக்க நிறுத்தினபோது வயதில் மூத்த கோல்கீப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன் அந்தப் பந்தை இன்னும் ஒரு வாரம் தினம் ராத்திரி அடித்துக்கொண்டிருப்பான். நீயும் சேர்ந்து அடிக்க வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து தோற்ற ராத்திரியில் நான் பேசுவது கிடையாது. வண்டியில் தண்ணீர் இருக்கிறதா, பின்சீட்டில் காலை நீட்ட இடம் இருக்கிறதா, அதை மட்டும் பார்ப்பேன். பெனால்டி அடித்த அந்தச் சேட்டன் மூன்றாவது மாசம் தானாக வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். இன்றைக்கும் என் மகளின் பரீட்சை ரிசல்ட் தேதியை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டுக் கேட்கிற ஆள் அவர்.

நண்பன் என்று நினைப்பார்களா என்று கேட்டீர்களே, அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த அடையாளம் இது ஒன்றுதான். ரசிகனிடம் அவர்கள் எதையும் கேட்பதில்லை, பதில் மட்டும் சொல்வார்கள். பழகின ஆளிடம் அவர்களே கேட்பார்கள்.

சரி, ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நிறையப் பேர் கமெண்டில் இதைத்தான் கேட்கிறீர்கள். நைஜீரியா, கானா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் என்று பல நாட்டிலிருந்து சீசனுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரையும் சேர்த்து "சூடானி" என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் ஒரு பையனை அப்படித்தான் கூப்பிட்டேன். அவன் நின்று, என்னைப் பார்த்து, "லைபீரியா. மன்ரோவியா" என்று இரண்டே வார்த்தை சொன்னான். எனக்குச் சட்டென்று ஜார்ஜ் வேயா ஞாபகம் வந்தது. 1995இல் கால்பந்தின் பெரிய விருதான பாலோன் தோர் வாங்கினவர், ஆப்பிரிக்காவிலிருந்து அந்த விருதை வாங்கின ஒரே ஆள், பிறகு 2018இல் அந்த நாட்டுக்கே அதிபரானவர். "வேயா ஊரா?" என்று கேட்டேன். அவன் முகம் மாறினதை என்னால் மறக்க முடியாது. ஐந்து மாசமாக இங்கே இருக்கிறான், அவன் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த முதல் ஆள் நான்தானாம். ஒருவருடைய ஆட்டத்தைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள் தம்பி. அவர் எந்த ஊர், அங்கே யார் பெரிய ஆட்டக்காரர், அவர் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது, இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் மிகவும் குறைவு. உங்கள் ஆளைப் பற்றி இதை முதலில் விசாரியுங்கள்.

அடுத்த சீசன் பிப்ரவரியில் அந்தப் பையனுக்கு முழங்கால் திரும்பிவிட்டது. ஏசிஎல் என்கிற மூட்டுத் தசைநாரில் அடி. காய்ந்த வயல் தரை, அதில் ஒரு வெடிப்பில் கால் மாட்டிக்கொண்டது. வாரத்துக்கு நாலு ஐந்து ராத்திரி ஆடின கால் அது, ஓய்வே கிடையாது. கூட்டி வந்த மேனேஜர் அன்றைய ஆட்டம் வரைக்கும் கணக்கு முடித்தார். அப்புறம் போனை எடுக்கவில்லை. அவர் பெயரோ டீம் பெயரோ இங்கே வேண்டாம். வாடகை வீட்டில் அவனுடைய கட்டிலுக்கு மாற்று ஆட்டக்காரன் வந்துவிட்டான். கேலரியில் அவன் பெயரைக் கத்தினவர்களில் ஒருத்தரும் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. வராததற்கு அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு அவன் சட்டை நம்பர்தான் தெரியும், வீடு தெரியாது.

நான் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஐந்து வாரம் இருந்தான். அம்மா ராகிக் களி கிண்டி மீன் குழம்பு வைத்தாள். அவன் களியைக் கையில் எடுத்து, கிள்ளி, உருட்டி, குழம்பில் முக்கி, மெல்லாமல் விழுங்கினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் ஊரில் மரவள்ளிக்கிழங்கில் ஃபூஃபூ என்று ஒன்று செய்வார்களாம், இதே மாதிரி விழுங்குவார்களாம். அம்மா அவனைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள், அவன் "அம்மா" என்பான். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு பாஷை இல்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "கேரளா என்றால் மழை என்று சொன்னார்கள், மழை எங்கே?" என்று கேட்பான். மன்ரோவியா கொட்டித் தீர்க்கிற ஊர். எங்கள் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி எல்லாம் மழை மறைவுப் பக்கம், மேற்கே பெய்கிற அளவு இங்கே எட்டாது என்று மலையைக் காட்டிச் சொல்வேன். தங்கச்சியின் ஸ்கூல் ஃபீஸ் பற்றிப் பேசுவான், நான் வண்டிக் கடன் பற்றிப் பேசுவேன். ஐந்து வாரத்தில் கால்பந்து பற்றி நாங்கள் பேசினது மொத்தமாக ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். சிநேகிதம் என்று நான் சொல்வது அந்த ஐந்து வாரத்தைத்தான். முந்தின சீசன் முழுக்க வண்டியில் வந்துபோனதெல்லாம் அறிமுகம், அவ்வளவுதான்.

அந்தக் காலோடு அவன் ஊருக்குப் போனான். திரும்ப ஆட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், முதலில் அம்மாவிடம்தான் போனைக் கொடுக்கச் சொல்வான்.

ஓட்டக்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாலக்காடு அவர்கள் ஊரும்தான். முண்டூர் பெண் சித்ரா 2017இல் புவனேஸ்வரில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். ஸ்ரீசங்கர் 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த்தில் நீளம் தாண்டுதலில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். இவர்களெல்லாம் எனக்குப் பழக்கம் இல்லை, பேப்பரில் படித்துப் பெருமைப்பட்டதோடு சரி. ஆனால் தேசிய கேம்ப் வரைக்கும் போன ஒரு ஓட்டக்காரர் எனக்குப் பழக்கம். ஒருநாள் வண்டியில் அவருக்கு விடாமல் இருமல். நான் கடையில் நிறுத்தி இருமல் மருந்து வாங்கி நீட்டினேன். கையால்கூடத் தொடவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அப்புறம்தான் பொறுமையாக விளக்கினார். சளி மருந்துகளில் போடுகிற சூடோஎஃபெட்ரின் மாதிரிச் சரக்கு ஒரு அளவுக்கு மேல் போட்டி நாளில் உடம்பில் இருந்தால் அது ஊக்கமருந்துக் கணக்கில் வரும். யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பது அடுத்த பேச்சு. உடம்பில் இருந்தால் பொறுப்பு ஆட்டக்காரருடையது. சிநேகிதன் அன்பாகக் கொடுத்த ஒரு மூடி மருந்தில் பல வருஷ உழைப்பு போய்விடும்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. சோதனைப் பட்டியலில் இருக்கிற வீரர் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் இன்ன இடத்தில் இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் அந்த நேரத்தில் சொல்லாமல் வருவார்கள். பன்னிரண்டு மாசத்தில் மூன்று தடவை தவறினால் தடை வரைக்கும் போகும். ஆகவே "வாங்க, திடீரென்று வால்பாறை போய்வரலாம்" என்று நாம் கூப்பிட்டு அவர் வரவில்லை என்றால் தலைக்கனம் என்று நினைக்கக் கூடாது. அவர் காலையில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அதற்கப்புறம் நான் அவரிடம் எந்தப் பொட்டலமும் நீட்டுவதில்லை. உரித்த ஆரஞ்சு கூட அவர் கேட்டால்தான்.

இதையெல்லாம் பேசும்போது தனராஜனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் பாலக்காட்டுக்காரர். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடினவர். 2019 டிசம்பர் 29 ராத்திரி பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், பிழைக்கவில்லை. 39 வயது. நான் அவரோடு பழகினவன் இல்லை, ஆடப் பார்த்தவன். அவர் குடும்பத்துக்காக 2020 ஜனவரி 19இல் பாலக்காட்டு நூரணி மைதானத்தில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். இந்திய அணிக்கு ஆடின ஐ.எம். விஜயன் வந்திருந்தார், பாய்ச்சுங் பூட்டியா வந்திருந்தார். அவ்வளவு கூட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே தற்காலிகக் கேலரி சரிந்து பலருக்குக் காயம். அன்றைக்கு நானும் வண்டி நிறைய ஆட்களோடு போயிருந்தேன். போகிற வழியெல்லாம் வண்டியில் ஒரே பேச்சு, அவர் போட்ட ஸ்லைடிங் டேக்கிள், அவர் தலையால் எடுத்த பந்து. யாரோ ஒருவர், "அவருக்குக் குழந்தைகள் எத்தனை?" என்று கேட்டார். வண்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அத்தனை வருஷம் கைதட்டியிருக்கிறோம். அந்த நிமிஷம் எனக்கு இன்னும் உறுத்துகிறது தம்பி. உங்கள் கேள்வியைப் படித்ததும் இந்த வீடியோ போட வேண்டும் என்று தோன்றினதற்கு அதுதான் காரணம்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். செல்ஃபி எடுப்பதில் தப்பே இல்லை, வெட்கப்பட வேண்டாம். வார்ம் அப் செய்யும்போது மட்டும் போகாதீர்கள், அப்போது அவர் கண் நம்மேல் இருக்காது. ஜெயித்தால் கூட்டம் மொய்க்கும், அன்றைக்குப் பேச்சு எடுபடாது, கையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். தோற்றால் படத்துக்கும் நிற்க வேண்டாம். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எந்த நாளும் கேட்க வேண்டாம். அவர் ஆட்டம் உங்கள் பக்கம் இன்னும் இரண்டு மூன்று தடவை வரும், அப்போதெல்லாம் போங்கள். முகம் பழகட்டும். அவரோடு ஆடுகிற, யாரும் கண்டுகொள்ளாத தடுப்பாட்டக்காரர் ஒருவர் இருப்பார், அவரிடமும் பேசுங்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன்தான் பின்னால் ஐ.எம். விஜயன். நீங்கள் தேடிப் போகிற ஆளைவிட நல்ல சிநேகிதன் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு பொருள் மட்டும் கையில் கொண்டுபோங்கள். ஐஸ். ஆட்டம் முடிந்து அவர்கள் வண்டிக்கு வரும்போது ஏழு பேரில் இரண்டு பேராவது நொண்டிக்கொண்டுதான் வருவார்கள், அந்த நேரத்தில் மைதானத்தைச் சுற்றி ஐஸ் கிடைக்காது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, துண்டில் சுற்றிக் கொடுத்தால் போதும், வெறுமனே தோலில் வைக்க விடாதீர்கள். சித்தூர் கடைத்தெருவில் மீன் கடை எட்டரை வரைக்கும் திறந்திருந்தால் அங்கேயே கேளுங்கள், பெட்டிக்கு அடியில் உடைத்துப் போட்டிருப்பார்கள்.