மார்ச் மாதத்துக் கோபம் ஒக்டோபரிலேயே வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் பாடசாலை அனுமதி பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று சொல்வேன் என எதிர்பார்த்தார்களோ தெரியாது. அதைச் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்கள் மாமியும் வாட்ஸ்அப் குழுவும் போதும். நான் பேச வந்தது அதற்கு முந்தின விஷயம். இடத்தை விடப் பிள்ளைகள் அதிகமாக வந்தால் யாரை முதலில் எடுப்பது என்ற விதியை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள், மாற்றும்போது யாரைக் கேட்கிறார்கள் என்பது.

சில வருடங்கள் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில், இங்கே கவர்னர் என்பார்களே, அதில் இருந்திருக்கிறேன். மார்ச் முதலாம் திகதி, உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடமான இயர் 7-இல் யாருக்கு எங்கே இடம் என்ற முடிவுகள் வந்த கையோடு நம் ஆட்களிடமிருந்து அழைப்பு வரத் தொடங்கும். "அண்ணை, இது என்ன நியாயம்? பக்கத்துத் தெருப் பிள்ளைக்குக் கிடைச்சிருக்கு, எங்கட பிள்ளைக்கு இல்லை." நியாயமோ இல்லையோ, அந்த விதி முடிவாகி அப்போது ஒரு முழு வருடம் ஆகியிருக்கும். ஒரு வருடம் பழையதான முடிவோடு யார் மல்லுக்கட்டுவது?

கணக்கைப் பாருங்கள். 2028 செப்டெம்பரில் இயர் 7-க்குப் போகும் பிள்ளை என்று வைப்போம். எந்தப் பள்ளி கிடைத்தது என்ற தகவல் 2028 மார்ச் 1 அன்று வரும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 ஒக்டோபர் 31. ஆனால் விதியை முடிவுசெய்யக் கடைசி நாள் 2027 பெப்ரவரி 28. அதில் மாற்றம் செய்வதானால், 2026 ஒக்டோபர் 1-க்கும் 2027 ஜனவரி 31-க்கும் இடையில், குறைந்தது ஆறு வாரமாவது பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அப்போது பிள்ளை இயர் 5-இல் இருக்கும். நாங்களோ, மதிப்பெண் பார்த்து எடுக்கும் கிராமர் பள்ளிகளின் நுழைவுத் தேர்வான லெவன் பிளஸ் டியூஷனுக்கு அலைந்துகொண்டிருப்போம். உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் இணையத்தளத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனுக்கு இன்னும் மோசம். அதே 2028-இல் ரிசெப்ஷன் போகப்போகும் பிள்ளை, கருத்துக் கேட்கும் காலத்தில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தை. அதனால்தான் இரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பம்பர்ஸ் மாற்றும் வயதிலேயே உங்களிடம் கேட்டாகிவிட்டது. கேட்டது உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் சொல்லும் திகதிகளும் கட்டுப்பாடுகளும் 2021 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த ஸ்கூல் அட்மிஷன்ஸ் கோட் என்ற அரசாங்க விதிக்கோவையில் உள்ளவை. எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இருந்து கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும், அங்கே கதை வேறு.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு பழக்கதோஷம் உண்டு. அங்கே அரசாங்கப் பள்ளிகளில் முதலாம் வகுப்பு அனுமதிக்குக் கல்வி அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடும். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்கு இத்தனை புள்ளி, பழைய மாணவரின் பிள்ளைக்கு இத்தனை புள்ளி என்று நாடு முழுவதற்கும் அதுதான். எனவே விதி என்றால் மேலிருந்து வருவது, அதை மாற்ற நாங்கள் யார் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே மேலிருந்து வருவது வேலி மட்டும்தான். வேலிக்குள் என்ன செய்வது என்பதைக் கீழேதான் முடிவுசெய்கிறார்கள்.

யார் முடிவுசெய்கிறார்கள் என்பதிலேயே பாதிக் குழப்பம். எல்லாம் கவுன்சில் என்று நினைக்கிறோம். கவுன்சிலின் சொந்தப் பள்ளிகளுக்கு, அதாவது கொம்யூனிட்டி பள்ளிகளுக்கும் இங்கிலாந்துத் திருச்சபையின் சில பள்ளிகளுக்கும் மட்டும்தான் விதி கவுன்சிலுடையது. அகாடமியாக, அதாவது அரசாங்கப் பணத்தில் ஒரு தனி அறக்கட்டளை நடத்தும் பள்ளியாக, மாறாத கத்தோலிக்கப் பள்ளி என்றால் அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழு. அகாடமி என்றால் அதை நடத்தும் ட்ரஸ்ட். இன்று உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை அகாடமிகள். அவற்றுக்கும் விண்ணப்பம் கவுன்சில் மூலமாகத்தான் போகிறது, பதிலும் கவுன்சிலிடமிருந்துதான் வருகிறது. அதனால் திட்டும் கவுன்சிலுக்கு விழுகிறது. உண்மையில் அந்த இடத்தில் கவுன்சில் தபால்காரர்.

சரி, விதிக்குள் என்ன இருக்கிறது? முதலில் யாரும் கை வைக்க முடியாத பகுதி. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குக் கவுன்சில் எழுதிக்கொடுக்கும் இ.எச்.சி. என்ற உதவித் திட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதப்பட்டிருந்தால் எடுத்தே ஆக வேண்டும். பிறகு, அரச பராமரிப்பில் இருக்கும், முன்பு இருந்த பிள்ளைகளுக்கு முதல் முன்னுரிமை. அதற்குக் கீழேதான் விதி எழுதுபவர்களுடைய விருப்பம்: கூடப்பிறந்தவர் அந்தப் பள்ளியில் படிப்பது, தூரம், வகுத்த எல்லைக்குள் வீடு, இன்ன ஆரம்பப் பள்ளியிலிருந்து வருவது, சமயம், ஆசிரியர்களின் பிள்ளைகள். பெற்றோரை நேர்முகம் வைத்துப் பார்க்கக் கூடாது, அவர்களின் படிப்பையோ தொழிலையோ பார்க்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது. படிவத்தில் முதல் இடத்தில் போட்டால்தான் எடுப்பார்கள் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது 2007-ஆம் ஆண்டு விதிக்கோவையிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

மாற்றம் பெரும்பாலும் ஒரு வரியில்தான் வரும். பழைய விதியில் "வீட்டு முகவரிப் புள்ளியிலிருந்து பள்ளியின் பிரதான வாசல் வரை நேர்கோட்டில்" என்று இருக்கும். புதிய வரைவில் "நேர்கோட்டில்" போய் "பாதுகாப்பான மிகக் குறுகிய நடைபாதை வழியாக" என்று வரும். வாசிக்கும்போது நல்லதாகத்தான் தெரிகிறது. உங்கள் வீடு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். நேர்கோட்டில் 600 மீட்டர். பாலத்தைச் சுற்றி நடந்தால் 1,300 மீட்டர். அந்த வரி மாறிய நாளில் உங்கள் தெரு முழுவதும் பட்டியலில் கீழே போய்விடும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்துத் தெரு மேலே வரும். "பிரதான வாசல்" என்பது "அருகிலுள்ள வாசல்" என்று மாறினாலும் இதே கூத்துதான். தொடர்மாடிக் குடியிருப்புகளில் ஒரே கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே தூரம் வரும். அப்போது எப்படிப் பிரிப்பது என்றும் விதியில் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் குலுக்கல் என்று இருக்கும்.

கூடப்பிறந்தவர் விதியும் அப்படித்தான். மூத்த பிள்ளை அங்கே படிக்கிறது, இளையது தானாகப் போய்விடும் என்று நிம்மதியாக இருப்போம். சில இடங்களில், மூத்தது சேர்ந்த பிறகு குடும்பம் தூரமாக வீடு மாறியிருந்தால் அந்த முன்னுரிமை இல்லை என்று கொண்டுவந்திருக்கிறார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து இடம் பிடித்துவிட்டுப் போகிறவர்களுக்காகப் போட்ட விதி அது. ஆனால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதால் வேறு வழியில்லாமல் இடம் மாறிய குடும்பமும் அதில் சேர்ந்தே அடிபடும். இதைக் கருத்துக் கேட்கும் காலத்தில் யாராவது எழுதிச் சொன்னால்தான் அதிகாரிக்குத் தெரியும். அவர் பார்ப்பது வரைபடம், வாடகை ஒப்பந்தத்தை இல்லை.

எழுதினால் கேட்பார்களா என்று கேட்பீர்கள். பிரைட்டனைப் பாருங்கள். 2008-இலிருந்தே அங்கே நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் தூரம் பார்க்காமல் கணினிக் குலுக்கல் போடுகிறார்கள். நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீட்டு விலை ஏறி, காசுள்ளவர்களின் பிள்ளைகளே உள்ளே போவதைத் தடுப்பது நோக்கம். பெரிய சண்டை நடந்தது. பின்னர், பள்ளியில் இலவச உணவுக்குத் தகுதியுள்ள, அதாவது வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். 2024 கடைசியில் இன்னும் ஒரு படி போய், ஒரு பள்ளியின் பகுதிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கு 20 சதவீத இடம் வரை முன்னுரிமை என்று ஒரு வரைவை முன்வைத்தது கவுன்சில். பெற்றோர் இரண்டு பக்கமாகப் பிரிந்து எழுதித் தள்ளினார்கள். 2025 பெப்ரவரியில் முடிவெடுக்கும்போது அந்த 20, 5 ஆகியிருந்தது. எந்த எண் சரி என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. 20 பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனாலும் எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

லண்டனில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு வழக்கு முக்கியம். 1989-இல் கிரீனிச் கவுன்சில் தன் எல்லைக்குள் வசிப்பவர்களுக்கே தன் பள்ளிகளில் முன்னுரிமை என்று சொல்லப் பார்த்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், லூயிஷத்தில் ஜோன் போல் என்ற ஆரம்பப் பள்ளி. அதன் நிர்வாகக் குழு நீதிமன்றம் போனது. மேன்முறையீட்டு நீதிமன்றம், கவுன்சில் எல்லையைக் காரணம் காட்டி வெளிப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்றது. அதனால்தான் "நான் ஹரோவுக்குக் கவுன்சில் வரி கட்டுகிறேன், பிரென்ட் பிள்ளைக்கு எப்படி இடம் போனது?" என்ற கேள்வி எடுபடுவதில்லை. பள்ளிக்கென்று நியாயமான ஒரு பகுதி வகுத்து அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம். கிங்ஸ்டனில் உள்ள டிஃபின் கிராமர் பள்ளிகளுக்கும் முன்னுரிமைப் பகுதி உண்டு. லண்டனின் மறுகோடியிலிருந்து பிள்ளையைச் சோதனைக்குக் கூட்டிப்போகும் பெற்றோர், மதிப்பெண்ணைக் கணக்கிடுவதற்கு முன் அந்த வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

இந்தச் சில வருடங்களாக அதிகம் மாறுவது அனுமதி எண்ணிக்கை. ஒவ்வொரு பள்ளியும் ஒரு வருடத்துக்கு எத்தனை பிள்ளைகளை எடுக்கும் என்று ஒரு எண் வெளியிட வேண்டும். ஆரம்பப் பள்ளிகளில் அது பெரும்பாலும் 30, 60, 90 என்று இருக்கும், ஏனென்றால் ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். லண்டனில் பிறப்பு குறைந்துவிட்டது. பள்ளிக்குப் பணம் ஒக்டோபர் கணக்கெடுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் வருகிறது. 18 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கும் ஆசிரியர் சம்பளம் அதேதான். ஆகவே 60-ஐ 30 ஆக்குகிறார்கள். எண்ணைக் குறைப்பதென்றால் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். கூட்டுவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஹக்னியில் 2024-இல் இரண்டு ஆரம்பப் பள்ளிகளை மூடி, நான்கை இரண்டாக இணைத்தார்கள். எண்ணிக்கை குறைப்பு அறிவிப்பைக் கண்டால் அந்தப் பள்ளியின் அடுத்த சில வருடங்களைப் பற்றியும் கேள்வி கேளுங்கள்.

அப்பீல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பள்ளியோடு சம்பந்தமில்லாத ஒரு குழு உங்கள் கதையைக் கேட்கும். ஆனால் "இந்த விதியே பிழை" என்ற வாதத்துக்கு அங்கே இடம் குறைவு. விதி கோவைக்கு முரணாக இருந்ததா, உங்கள் பிள்ளைக்கு அதைத் தவறாகப் பிரயோகித்தார்களா என்று பார்ப்பார்கள். பிறகு உங்கள் காரணத்தைப் பள்ளியின் நெருக்கடியோடு எடைபோடுவார்கள். நான் சொன்ன அந்த 30 பிள்ளை வகுப்பு என்றால் எடைபோடுவதும் இல்லை. விதி கோவைக்கு முரணானது அல்லது பிழையாகப் பிரயோகிக்கப்பட்டது என்றோ, அறிவுக்கு ஒவ்வாத முடிவு என்றோ காட்டினால்தான் பெரும்பாலும் உண்டு. பெட்டி நிறையச் சான்றிதழ்களோடு போய் வெறுங்கையோடு திரும்பும் பெற்றோர் அதிகம்.

எழுதுவது எப்படி என்று கேட்டால், முதலில் கவுன்சிலின் தளத்தில் ஸ்கூல் அட்மிஷன்ஸ் கன்சல்டேஷன் என்று, பிள்ளை சேரும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். அகாடமி என்றால் பள்ளியின் தளத்தில். பழைய விதியையும் புதிய வரைவையும் பக்கத்தில் வைத்து, மாறிய வரியைக் கண்டுபிடியுங்கள். எல்லோரும் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்புவதால் பயன் குறைவு. உங்கள் தெருப் பெயர், நடக்கும் தூரம், எந்தப் பள்ளி கிடைக்காமல் போகும், அடுத்த பள்ளிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளையிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். பெப்ரவரியில் கவுன்சிலின் கேபினட் கூட்டத்துக்குப் போகும் அறிக்கையில் எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று இருக்கும். நான் வாசித்த சிலவற்றில் அந்த எண்ணிக்கை இரண்டு இலக்கத்திலேயே நின்றிருந்தது. அப்படியான இடத்தில் பத்துக் குடும்பம் எழுதினால் தனியாகத் தெரியும்.

ஒரு மாற்றமும் செய்யாவிட்டாலும் ஏழு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் கருத்துக் கேட்க வேண்டும். முடிவான விதி மார்ச் 15-க்குள் தளத்தில் வந்துவிட வேண்டும். அது கோவைக்கு முரண் என்று நினைத்தால் மே 15-க்குள், இந்த விதிகள் பற்றிய ஆட்சேபணைகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஸ்கூல்ஸ் அட்ஜுடிகேட்டர் அலுவலகத்துக்கு ஆட்சேபணை அனுப்பலாம். பெற்றோராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, யாரும் அனுப்பலாம். பெயரும் முகவரியும் இல்லாத மொட்டைக் கடிதத்தை எடுக்க மாட்டார்கள். அவர்கள் சொல்வது பள்ளியைக் கட்டுப்படுத்தும். விதியைத் திருத்தியே ஆக வேண்டும்.

அழைப்புகள் காத்திருப்பதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கேள்வி கேட்பவர்கள் பள்ளியின் பெயரோடு, அது கவுன்சில் பள்ளியா அகாடமியா என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டு அழையுங்கள். அது தெரியாமல் நான் சொல்லும் பதில் எதற்கும் உதவாது.