பிளிம்சால் போட்ட கோடு

தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்திருக்கும் வட்டாட்சியர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் படகோட்டிப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கப்பலில் அளவுக்கு மேல் சரக்கேற்றக் கூடாது என்று போராடிய ஆங்கிலேயர் சாமுவேல் பிளிம்சாலின் இளமை, பாராளுமன்றப் பணி, முதுமை மூன்றையும் பேச வந்திருக்கிறேன். 1824இல் பிரிஸ்டலில் பிறந்தார். லண்டனில் நிலக்கரி வியாபாரம் செய்து நொடித்துப்போனார். மீண்டு எழுந்து, 1868இல் டெர்பி தொகுதியின் உறுப்பினரானார்.

அன்று ஓட்டைக் கப்பலில் கழுத்துவரை சரக்கேற்றி, இன்சூரன்ஸும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். மூழ்கினாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாலுமி ஏற மறுத்தால் ஜெயில். சவப்பெட்டிக் கப்பல் என்றே அவற்றுக்குப் பெயர். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்கிறோம். வெள்ளம் தலைக்கு வருமுன்பே அந்தச் சாணை அளக்கச் சொன்னவர் பிளிம்சால்.

1875 ஜூலை 22. இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பிரதமர் டிஸ்ரேலி எழுந்து, இந்தக் கொடுமையைத் தடுக்க வந்த கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக அறிவிக்கிறார். பிளிம்சாலால் தாங்க முடியவில்லை. மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் அயோக்கியர்களின் முகமூடியைக் கிழிப்பேன் என்று முழங்குகிறார். சபாநாயகர் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறச் சொல்கிறார். மாட்டேன் என்கிறார். மறுபடி சொல்கிறார். மாட்டவே மாட்டேன்! முஷ்டியை உயர்த்தி ஆட்டிவிட்டு வெளியேறுகிறார். ஒரு வாரம் கழித்துச் சபையிடம் மன்னிப்புக் கேட்டார், சரி. ஆனால் அதற்குள் ஊரே அவர் பக்கம் திரண்டுவிட்டது. அந்த ஆண்டே தற்காலிகச் சட்டம் வந்தது. 1876இல் கப்பலின் பக்கவாட்டில், சரக்கேற்றும்போது இதற்கு மேல் தண்ணீரில் அமிழக் கூடாது என்று காட்டும் வட்டமும் குறுக்குக் கோடும் கட்டாயமாயின. கொடுமை என்னவென்றால், கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியிடமே விட்டுவிட்டார்கள். அதைச் சட்டம் கையிலெடுக்க 1890 ஆயிற்று.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களில் இன்றும் அந்த வட்டத்தைப் பார்க்கலாம். நம் படகுத்துறையில்? எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகை டிக்கெட் கொடுக்கும் அறைக்குள் தொங்குகிறது. படகின் மேலேயே பட்டையாக ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். அது தண்ணீரில் மறைந்தால் ஏறக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வட்டாட்சியர் ஐயா, இந்த மேடையிலேயே கேட்கிறேன்: முதலில் ஒரு படகுக்காவது உத்தரவு போடுங்கள்.

பிளிம்சாலின் முதுமையைப் பேச நேரமில்லை. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் டீ குடிக்கலாம்.